சொல்லி அடித்தாரா பேப் ரூத்? ஒரு நீதிபதியின் நினைவும் வரலாற்றின் ஐயமும்

1932 அக்டோபர் 1 அன்று சிகாகோ நகரின் ரிக்லி ஃபீல்டு அரங்கில் பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் நடந்தது. பார்வையாளர் எண்ணிக்கை 49,986 என்று பதிவாகியிருக்கிறது. ஐந்தாவது இன்னிங்ஸில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத், சிகாகோ கப்ஸ் அணியின் பந்து வீச்சாளர் சார்லி ரூட் வீசிய பந்தை மையத் திடலின் வேலிக்கு அப்பால் அடித்தார். இதில் எவருக்கும் ஐயமில்லை. அந்தப் பந்து வீசப்படுவதற்குச் சில நொடிகள் முன்னர் ரூத்தின் கை எதைச் சுட்டியது என்பதில்தான் தொண்ணூறு ஆண்டுகளாக வழக்கு தீராமல் இருக்கிறது. பந்து போய் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிட்டு அவர் அடித்தார் என்பது ஒரு கட்சி. எதிரணியினரை நோக்கி விரலை நீட்டி வசைக்கு வசை சொன்னார், அவ்வளவே என்பது மறு கட்சி.

அன்று அரங்கில் இருந்தவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். தந்தையோடு, மூன்றாம் தளத்தின் பின்புற இருக்கைகளில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தான். 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகி, ஏறத்தாழ 35 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, 2010இல் ஓய்வு பெற்ற ஜான் பால் ஸ்டீவன்ஸ்தான் அச்சிறுவன். முதுமையில் இது குறித்துக் கேட்ட அனைவருக்கும் அவர் ஒரே விடையைத்தான் சொன்னார்: ரூத் மட்டையால் மையத் திடலின் புள்ளிப் பலகையைச் சுட்டினார், சுட்டிய பின் அடித்தார், அது உண்மையாகவே நடந்தது, தன் கண்ணால் கண்டது. சாட்சியங்களை எடைபோடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரின் சாட்சியம் இது. வரலாற்று மாணவருக்கு இதனினும் சுவையான ஆவணம் எளிதில் கிடைக்காது.

கிரிக்கெட் பழகிய கண்களுக்குச் சில குறிப்புகள் தேவை. பேஸ்பாலில் விக்கெட் இல்லை. மட்டையாளரின் எல்லைக்குள் வந்த பந்தை அவர் அடிக்கத் தவறினாலோ, அடிக்காமல் விட்டாலோ அது ஒரு ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக்குகள் சேர்ந்தால் அவர் வெளியேற வேண்டும். எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் வீசப்பட்டால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். வேலியைத் தாண்டும் அடியே ஹோம் ரன். நம் சிக்ஸரை ஒத்தது எனினும், ஒரு மாலையில் இருபது முறை காணக் கிடைக்கும் பொருளன்று. எதிரணியினரைக் கூவிக் கேலி செய்வது அக்காலத்தில் ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. எதிரணி வீரர் அமர்ந்திருக்கும் டக்அவுட்டிலிருந்து மட்டையாளரின் காதில் விழும்படியாக எதையும் சொல்லலாம்.

அவ்வாண்டு அந்தக் கேலி எல்லை மீறியிருந்தது. காரணம் பணம். முன்னர் யாங்கீஸ் அணியில் ஆடிய மார்க் கேனிக், பருவத்தின் பிற்பகுதியில் கப்ஸ் அணியில் சேர்ந்து, .353 என்ற மட்டையடிச் சராசரியோடு அவ்வணி உலகத் தொடருக்குத் தகுதி பெற உதவினார். தொடரின் வருமானத்தைப் பங்கிடும்போது கப்ஸ் வீரர்கள் அவருக்குப் பாதிப் பங்கு மட்டுமே போதும் என்று வாக்களித்தனர். பழைய தோழனுக்கு இழைக்கப்பட்ட இந்தச் சிறுமையை யாங்கீஸ் வீரர்கள் விடாமல் சுட்டிக்காட்டிக் கப்ஸ் அணியினரைக் கஞ்சர்கள் என்று ஏசினர். ஏசியோரில் ரூத்தின் குரலே ஓங்கியிருந்தது. யாங்கீஸ் அணியின் மேலாளர் ஜோ மெக்கார்த்தி 1930 வரை கப்ஸ் அணியை நடத்தி, பின்னர் விலக்கப்பட்டவர் என்பதும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் நடந்த முதல் இரு ஆட்டங்களிலும் கப்ஸ் தோற்றது. சிகாகோ வந்திறங்கிய ரூத்தின் மீதும் அவர் மனைவி மீதும் விடுதி வாசலில் சிலர் உமிழ்ந்தனர். ஆட்டத்தன்று பார்வையாளர் திடலுக்குள் எலுமிச்சம் பழங்களை வீசினர்.

பெருமந்தத்தின் மிகக் கொடிய ஆண்டு அது. அரங்கில் முதற்பந்தை எறிந்தவர் நியூயார்க் மாநில ஆளுநரும் குடியரசுத் தலைவர் தேர்தலின் வேட்பாளருமான ஃபிராங்க்ளின் ரூசவெல்ட். அருகில் சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் ரூசவெல்ட் பதவியேற்றார். செர்மாக் மயாமியில் ரூசவெல்ட்டின் அருகில் இருந்தபோது சுடப்பட்டு மாண்டார். அரைப் பங்குத் தொகைக்காக வீரர்கள் இத்தனை ஆத்திரப்பட்டதை அக்காலச் சூழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் இன்னிங்ஸிலேயே ரூத் ஒரு ஹோம் ரன் அடித்து மூன்று ஓட்டங்களைப் பெற்றுத் தந்தார். கப்ஸ் விடாமல் துரத்தி 4-4 என்று சமன் செய்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் ரூத் மீண்டும் மட்டையோடு வந்தபோது அவருக்கு வயது 37. உடல் பருத்து, ஓட்டம் தளர்ந்திருந்தது. கப்ஸ் வீரர்கள் டக்அவுட்டின் விளிம்புக்கே வந்து நின்று கூவினர். முதற்பந்து ஸ்ட்ரைக். ரூத் ஒரு விரலை உயர்த்தினார். அடுத்து இரண்டு பந்துகள் எல்லைக்கு வெளியே சென்றன. பிறகு இரண்டாவது ஸ்ட்ரைக். இரண்டு விரல்களை உயர்த்தினார். இதுவரை சாட்சிகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. அதன்பின் கையை நீட்டி ஏதோ சொன்னார். ரூட் பந்தை வீசினார். பந்து வேலியைக் கடந்தது. அடுத்து வந்த லூ கெரிக்கும் ஒரு ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் 7-5 என்று வென்று, மறுநாள் தொடரையே கைப்பற்றியது. ரூத் உலகத் தொடர்களில் அடித்த கடைசி ஹோம் ரன் அந்த ஐந்தாவது இன்னிங்ஸ் அடிதான்.

இனி ஆவணங்கள். ஆட்ட நாளன்றே எழுதப்பட்ட செய்திகளுள் ரூத் மையத் திடலைச் சுட்டினார் என்று தெளிவாக எழுதியவர், நியூயார்க் வேர்ல்டு-டெலிகிராம் இதழின் விளையாட்டு ஆசிரியர் ஜோ வில்லியம்ஸ். அவருடைய செய்திக்குப் பில்லியர்ட்ஸ் மேசையின் மொழியில் ஒரு தலைப்பு அமைந்தது. பந்து எந்தப் பைக்குள் விழும் என்று முன்னரே அறிவித்துவிட்டு அடிப்பது பில்லியர்ட்ஸ் வழக்கம். தமிழில் ‘சொல்லி அடிப்பது’ என்று நாள்தோறும் வழங்குகிறோமே, அதேதான். நியூயார்க் டைம்ஸுக்காக எழுதிய ஜான் ட்ரெபிங்கர், தன் பதிலடி அரங்குக்கு வெளியே போகும் ஓர் அடியாகவே இருக்கும் என்று ரூத் சைகைகளால் கூட்டத்துக்கு உணர்த்தினார் என்ற பொருளில் எழுதினார். ஆனால் மைய வேலியைச் சுட்டினார் என்று எழுதவில்லை. அந்த மாலையில் எழுதிய பலரும் விரல்களைப் பற்றி எழுதினர், அல்லது எதையுமே எழுதவில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குள் வேறு சில பத்தியாளர்கள் வில்லியம்ஸின் வடிவத்தை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் சிலர் முதல் நாள் அதே ஆட்டத்தைப் பார்த்து, அதைப் பற்றி எழுதியும், இந்த அற்புதத்தைக் குறிப்பிடாதவர்கள். இது கவனிக்கத்தக்கது. சாட்சி தன் கண்ணால் கண்டதைச் செய்தித்தாளில் படித்த பின்னரே கண்டுகொள்கிறார்.

ரூத்தின் கூற்றுகளையும் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 1933 வசந்தத்தில் சிகாகோ வானொலி வர்ணனையாளர் ஹால் டாட்டன் கேட்டபோது, எந்த இடத்தையும் தான் சுட்டவில்லை, அப்படிச் செய்வது முட்டாள்தனம் என்ற பொருளில் ரூத் விடை கூறினார். பின்னாளில் பேஸ்பால் ஆணையரான ஃபோர்டு ஃப்ரிக் ஒருமுறை நேராகக் கேட்டபோது, செய்தித்தாள்களில்தான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் நழுவினார். 1948இல், அவர் இறந்த ஆண்டில், பாப் கான்சிடைன் துணையோடு வெளியான தன்வரலாற்றில் சுட்டல் முழு வடிவம் பெற்றுவிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தில் வில்லியம் பெண்டிக்ஸ் ரூத்தாக நடித்து, ஐயத்துக்கு இடமின்றிக் கையை நீட்டினார். நிகழ்ந்த காலத்துக்கு அருகில் மறுப்பு, தொலைவு கூடக் கூட உறுதி. மூல ஆவண ஆய்வில் பயின்றோர் எவருக்கும் இந்த வளைகோடு பழக்கமானதே.

களத்தில் நின்றவர்களும் பிளவுபட்டே இருந்தனர். கப்ஸ் அணியின் கேட்சர் கேபி ஹார்ட்நெட், ரூத்துக்கு ஓரிரு அடி பின்னால் குந்தியிருந்தவர். ரூத் கப்ஸ் டக்அவுட்டை நோக்கிக் கையை அசைத்தார் என்றும், அடிப்பதற்கு ஒரு பந்து போதும் என்று சொன்னதைத் தான் கேட்டதாகவும் அவர் கூறினார். யாங்கீஸ் அணியிலேயே ஜோ சூவெல் சுட்டினார் என்றார், ஃபிராங்க் குரொசெட்டி சுட்டவில்லை என்றார். ஒரே அணி, ஒரே டக்அவுட், ஒரே கணம்.

இவர்களுள் அதிகம் இழந்தவர் சார்லி ரூட். கப்ஸ் அணிக்காக 201 வெற்றிகளைப் பெற்ற பந்து வீச்சாளர் அவர். அந்த அணியின் வரலாற்றில் வேறெவரும் அத்தனை வெற்றிகளை ஈட்டவில்லை. ரூத் அப்படிச் சுட்டியிருந்தால் அடுத்த பந்தை அவர் உடலை நோக்கியே எறிந்து கீழே விழச் செய்திருப்பேன் என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். வெற்றுத் தற்பெருமையாக இதைத் தள்ளிவிட முடியாது. அக்கால ஆட்ட ஒழுக்கத்தில், தன்னை அவமதித்த மட்டையாளரின் உடலை நோக்கி எறிவது எழுதப்படாத விதி. மறுநாள் ஆட்டத்தில் கப்ஸ் அணியின் கை புஷ் வீசிய பந்து ரூத்தின் கையைத் தாக்கவே செய்தது. அந்த விதியின்படி, ரூட் அமைதியாக அடுத்த பந்தை வீசியதே ரூத் சுட்டவில்லை என்பதற்கு வலுவான சூழ்நிலைச் சான்று. 1948 திரைப்படத்தில் தானாகவே நடிக்க அழைத்தபோது, ரூத் சுட்டுவதாகக் காட்சி அமைந்திருப்பதை அறிந்து ரூட் மறுத்துவிட்டார். 201 வெற்றிகளை வென்றவர் ஒரு தோல்வியின் துணைப்பாத்திரமாக மட்டும் நினைக்கப்படுவது, மக்கள் நினைவு எத்தகைய அநீதியையும் அலட்டிக்கொள்ளாமல் செய்யும் என்பதைக் காட்டுகிறது.

பல பத்தாண்டுகள் கழித்து இரண்டு படச்சுருள்கள் வெளிவந்தன. இரண்டும் பார்வையாளர் தம் கைக்கருவியால் எடுத்த 16 மில்லிமீட்டர் படங்கள். முதலாவது, ஒரு குடும்பத்தாரிடம் இருந்து 1990களில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ரூத் கையை நீட்டுவது அதில் தெரிகிறது. ஆனால் படம் எடுக்கப்பட்ட கோணத்தால், கை பந்து வீச்சாளரைச் சுட்டுகிறதா, டக்அவுட்டையா, தொலைவிலுள்ள வேலியையா என்று அறுதியிட முடியவில்லை. இரண்டாவது, தொழிலதிபர் ஹாரல்ட் வார்ப் எடுத்தது. 2000ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட அதில் ரூத் கப்ஸ் டக்அவுட்டின் பக்கம் திரும்பிச் சைகை செய்வதாகப் பலர் காண்கின்றனர். ஏற்கெனவே முடிவு செய்திருந்தவர்களை இவ்விரு படங்களும் அந்தந்த முடிவிலேயே உறுதிப்படுத்தின. படம் வந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும் என்று நம்புவோர், கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவரின் தீர்ப்புகளுக்குப் பின் நடக்கும் சண்டைகளை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில் ஸ்டீவன்ஸின் நினைவுக்குத் திரும்பலாம். முதலில் கண்ணில் படுவது மட்டை. மற்றச் சாட்சிகளுள் பெரும்பாலோர், இரு கட்சியினரும், கையைப் பற்றியும் விரலைப் பற்றியும் பேசுகின்றனர். படச்சுருள்களிலும் பேசப்படுவது நீட்டிய கையே. ஸ்டீவன்ஸ் மட்டும் மட்டையைச் சொல்கிறார். இரண்டாவது, புள்ளிப் பலகை. இன்று ரிக்லி ஃபீல்டின் அடையாளமாகத் திகழும் பலகை 1937இல் எழுந்தது. சிறுவன் கண்டது அதற்கு முந்தைய பலகை. பின்னர் அந்த அரங்குக்கு எத்தனையோ முறை சென்ற ஒருவரின் மனத்தில், பழைய பலகையின் இடத்தில் புதிய பலகை வந்து அமர்ந்திருக்கக் கூடும். இதை நிறுவ வழியில்லை, ஊகமாகவே நிற்கட்டும்.

அவரது நினைவாற்றலே பழுதானது என்று இதற்குப் பொருளன்று. 1929இல், ஒன்பது வயதில், அதே அரங்கில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைப் பார்த்ததையும் அவர் சொல்வதுண்டு. பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் ஹோவர்டு எம்கே அன்று 13 கப்ஸ் மட்டையாளர்களை ஸ்ட்ரைக்குகளால் வெளியேற்றினார். சிறுவனுக்கு அது பெருந்துயரம். பதிவேடுகளைப் பார்த்தால் எண் உட்பட எல்லாம் சரி. ஒரே மனிதர், ஒரே அரங்கு, மூன்றாண்டு இடைவெளி. ஒரு நினைவு ஆவணத்தோடு முற்றிலும் பொருந்துகிறது. மற்றொன்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆவணமே இல்லை. ஸ்டீவன்ஸ் தம் நீதிமன்ற அறையில் 1932 ஆட்டத்தின் புள்ளி அட்டையைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார். பேஸ்பால் ரசிகர்கள் பென்சிலால் நிரப்பும் அந்த அட்டையில் ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு தளத்துக்கும், ஒவ்வொரு பிழைக்கும் குறியீடு உண்டு. சைகைக்குக் குறியீடு இல்லை.

ரூத் அந்தப் பந்தை அடித்த அதே 1932இல், கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட்டின் ‘ரிமெம்பரிங்’ என்னும் நூல் வெளியாயிற்று. தற்செயல்தான், ஆயினும் பொருத்தமான தற்செயல். மாணவர்களிடம் அவர்களுக்கு அந்நியமான ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, காலம் கழித்து மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தார் பார்ட்லெட். ஒவ்வொரு முறையும் கதை, சொல்பவரின் உலகத்துக்கு ஏற்றபடி நேராகிக்கொண்டே வந்தது. புரியாதவை உதிர்ந்தன, காரணங்கள் முளைத்தன. நினைவுகூர்தல் என்பது சேமித்ததை எடுத்துப் பார்ப்பதன்று, ஒவ்வொரு முறையும் கட்டியெழுப்புவது என்பது அவர் கண்ட முடிவு. ஐந்தாவது இன்னிங்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பருத்த மனிதர் கூச்சலுக்கிடையே கையை அங்குமிங்கும் ஆட்டுகிறார், பின் பந்து பறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே காரண உறவு இல்லாவிட்டால் முதலாவது மறந்துபோகும். உறவு ஏற்பட்டால் கதை பிறக்கும். பந்து பறந்த திசைக்குக் கையின் திசை பின்னோக்கித் திருப்பப்படுகிறது.

பேஸ்பாலோடு தொடர்புடைய இன்னொரு நினைவும் உளவியலில் புகழ் பெற்றது. உல்ரிக் நைசர் என்ற அறிஞர், 1941 டிசம்பர் 7 அன்று பியர்ல் துறைமுகத் தாக்குதல் செய்தியைத் தாம் கேட்ட விதத்தைப் பல்லாண்டுகள் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்: வீட்டு முன்னறையில் வானொலியில் பேஸ்பால் வர்ணனை, இடையில் அறிவிப்பு. டிசம்பரில் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது பிற்பாடுதான் அவருக்கு உறைத்தது. 1982இல் இதை அவரே எழுதினார். பின்னர் வேறு ஆய்வாளர்கள், அன்று ஒலிபரப்பானது நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் இடையிலான கால்பந்து ஆட்டமாக இருக்க வேண்டும் என்று காட்டினர். இரண்டு பெயர்களும் அந்நகரின் பேஸ்பால் அணிகளின் பெயர்களே. நினைவு பொய் சொல்லவில்லை, அரைகுறையாகக் கிடைத்ததைத் தனக்குப் பிரியமான பொருளால் நிரப்பிக்கொண்டது.

இந்த இடத்தோடு பலர் நிறுத்திவிடுகின்றனர்: நினைவு நம்பத் தகாதது, ஆகவே ஸ்டீவன்ஸின் சாட்சியத்தை ஒதுக்குக. வாய்மொழி வரலாற்றாய்வு இதைவிட மேலான வழியைக் கற்றுத் தந்திருக்கிறது. இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறையால் கொல்லப்பட்ட லூயிஜி திராஸ்துல்லி என்ற தொழிலாளியின் மரணத்தை, 1953ஆம் ஆண்டின் ஆட்குறைப்புப் போராட்டத்தில் நிகழ்ந்ததாகப் பலர் நினைவுகூர்ந்தனர். அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி இதைப் பிழை என்று திருத்திவிட்டு நகரவில்லை. ஏன் அந்த மரணம் இந்த ஆண்டுக்கு இடம் பெயர்ந்தது என்று கேட்டார். அவர்தம் வாழ்வை உடைத்த தோல்வி 1953இல் இருந்ததால், உயிர்த்தியாகமும் அங்கே சென்று சேர்ந்தது. சௌரி சௌராவைப் பற்றிய ஷாகித் அமீனின் 1995 நூலைப் படித்தோர் இந்த அணுகுமுறையின் இந்திய வடிவத்தை அறிவர். நீதிமன்ற ஆவணமும் தேசிய வரலாறும் ஊர் மக்களின் நினைவும் ஒன்றையொன்று எப்படி ஊடுருவுகின்றன என்பதே அதன் மையம்.

ஸ்டீவன்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. அந்த நாள் ஏன் அவரோடு நின்றது? அவருடைய தந்தை ஏர்னஸ்ட் ஸ்டீவன்ஸ், 1927இல் மிச்சிகன் அவென்யூவில் திறக்கப்பட்ட ஸ்டீவன்ஸ் ஹோட்டலின் அதிபர். ஏறத்தாழ 3,000 அறைகள் கொண்ட அது, அன்று உலகின் மிகப்பெரிய விடுதி. பெருமந்தம் அதைச் சாய்த்தது. குடும்பத்தின் காப்பீட்டு நிறுவனப் பணத்தை விடுதிக்குத் திருப்பியதாகத் தந்தை மீது வழக்கு வந்து, 1933இல் கையாடல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 1934இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், குற்றத்துக்குச் சான்றே இல்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. குற்றவியல் நீதியமைப்பு தவறிழைக்கக் கூடியது என்பதை அந்த அனுபவம் தமக்குக் கற்றுத் தந்ததாக ஸ்டீவன்ஸ் பின்னர் சொன்னதுண்டு. 1932 அக்டோபர் 1, சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. தந்தையின் அருகில் அமர்ந்து, வீடும் பெயரும் குலையும் முன், ஒரு மாபெரும் வீரர் சொன்னதைச் செய்து காட்டுவதைக் கண்ட நாள். அந்தச் சுட்டலை அவர் விட்டுக்கொடுக்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சாட்சி சொல்லாததையும் படிப்பது வரலாற்றாசிரியரின் வேலை.

நேரடிச் சாட்சியத்தின் பிழைகளை ஸ்டீவன்ஸ் அறியாதவரல்லர் என்பது இந்த வழக்கின் உச்சம். சிகாகோவில் இயங்கும் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் இருந்தபோது, 1975இல் கர்பி வழக்கின் தீர்ப்பை எழுதினார். கொள்ளையடிக்கப்பட்டவருக்குச் சந்தேகிக்கப்பட்டோரைக் காவல் நிலையத்தில், அணிவகுப்பு ஏதுமின்றி நேரடியாகக் காட்டி அடையாளம் காணச் செய்த வழக்கு அது. அத்தகைய முறை சாட்சியின் மனத்தில் விடையைத் திணிக்கிறது, தவறான அடையாளத்துக்கு வழிவகுக்கிறது என்பதை அவர் ஏற்றார். அதே நேரம், அந்தச் சாட்சியம் ஜூரியின் முன் வைக்கப்படுவதை அரசமைப்புச் சட்டம் தடை செய்யவில்லை என்றும், அதன் எடையை ஜூரியே தீர்மானிக்கலாம் என்றும் முடிவு செய்தார். இரண்டாண்டுகளில் உச்ச நீதிமன்றம் மான்சன் வழக்கில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. அடையாளச் சாட்சியங்கள் குறித்து அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு அது. வில்லியம்ஸின் செய்தித் தலைப்பும், 1948 திரைப்படமும் ஒரு சிறுவனின் நினைவுக்குச் செய்திருக்கக் கூடியது, காவல் நிலையத்தில் விடையைத் திணிக்கும் அந்த வழிமுறையையே ஒத்தது. இதை எவரேனும் அவரிடம் சட்ட மொழியில் கேட்டிருந்தால், விடை அவருடைய தீர்ப்பிலேயே இருந்தது: சாட்சியத்தை விலக்க வேண்டாம், எடை போடுக.

எடை போட்டால் கிடைப்பது என்ன? ரூத் கையை நீட்டினார் என்பது உறுதி. கப்ஸ் அணியினரோடு வாய்ச்சண்டை நடந்தது என்பதும், இன்னும் ஒரு ஸ்ட்ரைக் தனக்கு மிச்சமிருக்கிறது என்று விரலால் காட்டினார் என்பதும் ஏறத்தாழ உறுதி. மைய வேலியைச் சுட்டி இடம் குறித்தார் என்பதற்கு அன்று மாலையின் ஒரு பத்தியும், பின்னாளின் நினைவுகளுமே துணை. சான்றுகளின் சாய்வு ரூட் பக்கமே, ஸ்டீவன்ஸ் பக்கம் இல்லை. ஆனால் ரூட்டின் சாட்சியமும் தன் மானத்தைக் காக்கும் ஒருவரின் சாட்சியம் என்பதையும் தராசில் வைக்க வேண்டும். நூறு ஆண்டுகள் நெருங்கும் இந்நாளில், உலகத் தொடரில் ஒருவர் தன்னை இகழ்ந்த கூட்டத்துக்குப் பதிலளித்த விதம் ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் நடந்தும் ஐயத்துக்குரியதாக இருக்கிறது. சாட்சிகள் குறைவால் அன்று, சாட்சிகள் மிகுதியால்.

ஸ்டீவன்ஸ் 2005இல் ரிக்லி ஃபீல்டில் ஓர் ஆட்டத்தின் முதற்பந்தை எறிந்தார். 2016இல் கப்ஸ் அணி 108 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்றபோது, சிகாகோவில் நடந்த நான்காவது ஆட்டத்துக்கு 96 வயதில் வந்து அமர்ந்திருந்தார். 2019 ஜூலையில் 99ஆம் வயதில் காலமானார். ஐந்தாண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், 1932 அக்டோபர் 1 அன்று ரூத் அணிந்திருந்த சாம்பல் நிறச் சட்டை அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. துணியின் மடிப்புகளையும் எழுத்துகள் தைக்கப்பட்ட இடங்களையும் அந்நாளைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, அதே சட்டைதான் என்று வல்லுநர்கள் சான்றளித்தனர். விலை 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஏலப் பட்டியலில் அதற்கு இடப்பட்ட பெயர், ‘சொல்லி அடித்த’ சட்டை.